பெர்னடீனின் வேட்டை உடுப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரான ஆல்டர் க்ரீக்கில் மீன் வறுவல் சாப்பிட உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படிக் கிடைத்த மேஜையில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்த பெர்னடீன், வந்த மீனைத் தொடக்கூட இல்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"இந்த வருஷம் நான் வேட்டைக்கு வரேன், அண்ணே. என் பரண் எனக்கு வேணும்."

ஃப்ளோரியன் வாயிலிருந்த உருளைக்கிழங்கை மெல்ல மறந்தார்.

"எந்தப் பரண்?"

"எந்தப் பரணா? சதுப்பு ஓரத்துல, சிடார் மரத்துல இருக்கே, அது. உன் மருமகன் ஒன்பது வருஷமா ஏறி உட்கார்ந்திருக்கானே, அது."

"நீ பதினாலு வருஷமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலியே."

அது பொய்யில்லை. மான் வேட்டை தொடங்குவது நவம்பரில் ஒரு சனிக்கிழமை. பெர்னடீன் வேலை பார்த்ததோ முதியோர் இல்லத்துச் சமையலறையில். அங்கே சனிக்கிழமை லீவு கேட்டால் கேட்டவளையே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பதினாலு வருஷம், ஊரே காட்டுக்குள் இருக்கும் அந்தச் சனிக்கிழமைகளில், அவள் பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அந்த வேலையை விட்டுப் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனாள். சம்பளம் குறைந்தது, சனிக்கிழமை திரும்பக் கிடைத்தது. கையெழுத்துப் போட்ட அன்றே அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பரண்தான்.

ஃப்ளோரியன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பிடித்த பிடியை விடாதவர். வாகோவியாக் குடும்பத்தில் எல்லாருக்குமே அந்த வியாதி உண்டு. இவருக்குக் கொஞ்சம் முற்றிப்போனது.

"நீ தாராளமா வா, பெர்னி. ஞாயித்துக்கிழமை பான்கேக் போடுவோம், வந்து சாப்பிடு. விருந்தாளியா வா, யார் வேணாம்னா?"

"விருந்தாளியா?" பெர்னடீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா காட்டுல கட்டின வேட்டைக் கேபினுக்கு நான் விருந்தாளியா? அவர் கூரை போட்டப்ப ஆணி எடுத்துக் குடுத்தது யாரு, நீயா? நீ ஜுரம்னு போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தே!"

பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது. ஃப்ளோரியன் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். முதல் நாள் இருட்டுல ஏறு, இருட்டுல இறங்கு. நடுவுல குளிர் காயறதுக்குக் கேபின் பக்கம் வந்தே, பரண் மாப்பிள்ளை ட்ராவிஸுக்கு. அதுக்கப்புறம் வாயே திறக்கக்கூடாது. வராம தாக்குப்பிடிச்சே, உனக்கு."

"போன வருஷம் உன் மருமகன் எத்தனை தடவை குளிர் காய வந்தான்?"

"அது வேற விஷயம்."

"எப்படி வேற விஷயம்?"

"மீனைச் சாப்பிடு, ஆறுது," என்றார் ஃப்ளோரியன்.

நவம்பர் கடைசியில் வடக்கு விஸ்கான்சினில் பத்து மணி நேரம் மரத்தின் மேல் அசையாமல் உட்காருவது என்றால், அது தைரியம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. துணி சம்பந்தப்பட்ட விஷயம். பெர்னடீனுக்கு அது நன்றாகத் தெரியும். மறுநாள் காலை முதல் வேலையாகக் கார் கொட்டகையில் இருந்த பழைய பெட்டியைத் திறந்தாள். அவளுடைய வேட்டை உடுப்பில் எலிகள் பல தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தன. மிஞ்சிய கால்சட்டையை ஒரு நப்பாசையில் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். எலி தின்னாமல் விட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பதினாலு வருஷத்துக்கு முந்தைய இடுப்பு இப்போது அவளிடம் இல்லை.

வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் அக்டோபரில்தான் மண்டையைப் போட்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு உடுப்புக்கென்று மிஞ்சியது அறுபது டாலர்.

சம்பளம் வந்த புதன்கிழமை, முதலில் நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடைக்குப் போனாள். வாசலில் பஞ்சடைத்த கரடி ஒன்று இரண்டு காலில் நிற்கும், அந்தக் கடை. உள்ளே போனால் காட்டுக்குள் போவதற்கு இவ்வளவு சாமான் வேண்டுமா என்று தலை சுற்றும். இலைப் படம் போட்ட கால்சட்டை, மரப்பட்டைப் படம் போட்ட கால்சட்டை, பனிப் படம் போட்ட கால்சட்டை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தால், மானே நம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும் என்று நினைக்கத் தோன்றும். இந்தக் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், விற்கிறார்கள். ட்ராவிஸ் வாங்கியிருந்தது இங்கேதான்.

"இது பாருங்க மேடம்," என்று ஒரு விற்பனையாள் சொன்னான். "காத்து உள்ள வராது. தண்ணி உள்ள வராது. உங்க வாசனை வெளிய போகாது."

"சத்தம்?"

"எது?"

பெர்னடீன் அந்தக் கால்சட்டையைக் காதருகே பிடித்து நகத்தால் ஒரு கீறு கீறினாள். சர்ர்ர்க். அடுத்த வரிசையில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இதைப் போட்டுக்கிட்டு நான் மூக்கைச் சொறிஞ்சாக்கூட அடுத்த மாவட்டத்து மானெல்லாம் எழுந்து உட்கார்ந்துக்கும்."

ஒன்றரை மணி நேரம் அந்தக் கடையில் நகத்தால் கீறிக்கொண்டே நடந்தாள். சத்தம் போடாத துணி மூன்று கிடைத்தது. மூன்றும் அவள் காசுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. வெறுங்கையோடு வெளியே வரும்போதுதான் வாசலோரம் தள்ளுபடிக் கூடை கண்ணில் பட்டது.

எங்கள் பக்கம் துப்பாக்கி வேட்டைக்குப் போகிறவர்கள் இடுப்புக்கு மேலே கண்ணைப் பறிக்கும் நிறம் போட வேண்டும், அப்போதுதான் ஒருத்தரை ஒருத்தர் சுடாமல் இருப்பார்கள். காலங்காலமாக அது ஆரஞ்சு. சில வருஷத்துக்கு முன்னால் ரோஸ் கலரும் போடலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள். பெண்கள் எல்லாம் ஓடிவந்து வாங்குவார்கள் என்று கடைக்காரர் நினைத்திருப்பார் போலிருக்கிறது. ஆல்டர் க்ரீக்கில் ஒருத்தியும் வரவில்லை. கையில்லாத மேல்சட்டையும் தொப்பியும், பல்லைக் கூச வைக்கும் ரோஸில், அந்தக் கூடையில் அநாதையாகக் கிடந்தன. இரண்டும் சேர்த்துப் பன்னிரண்டு டாலர். மென்மையான துணி. கீறினாள், சத்தமில்லை.

"அண்ணன் சிரிப்பான்," என்று நினைத்தாள். "சிரிக்கட்டும், அதுக்குத் தனியா காசு இல்லை." வாங்கிவிட்டாள்.

அங்கிருந்து நேரே சர்ச் பெண்கள் நடத்தும் பழைய துணிக்கடை. கல்லாவில் ரோஸ்மேரி உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பெர்னடீனோடு ஒன்றாகப் படித்தவள். ஊரில் யார் என்ன துணியைத் தானம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பது வரைக்கும் தெரிந்தவள்.

"கம்பளிக் கால்சட்டை இருக்கா ரோஸ்மேரி? கனமா, பழசா, பெரிசா."

"யாருக்கு, உன் வீட்டுக்காரர் கோர்டனுக்கா?"

"எனக்கு. வேட்டைக்கு."

ரோஸ்மேரி பேனாவைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி! ஃப்ளோரியனுக்குத் தெரியுமா?"

"தெரியும். இருட்டுலேர்ந்து இருட்டு வரைக்கும் உட்காரணுமாம். இல்லேன்னா பான்கேக் சாப்பிட விருந்தாளியா வரணுமாம்."

"அவன் பான்கேக்கைத் தூக்கி அடுப்புல போடு," என்று சொல்லிக்கொண்டே ரோஸ்மேரி பின்னறைக்குள் ஓடினாள். வரும்போது அவள் கையில் பச்சைக் கட்டம் போட்ட ஒரு கம்பளிக் கால்சட்டை. தனியாக நிறுத்தினால் நிற்கும் போல அவ்வளவு கனம். இடுப்பில் இரண்டு பெர்னடீன் போகலாம். உள்ளே நாலு அடுக்குப் போட அதுதான் வேண்டும். நாப்தலின் உருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. கூடவே இரண்டு கம்பளி ஸ்வெட்டர். ஒன்றில் கிறிஸ்துமஸ் மான்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

"இது வேணுமா உனக்கு? மான் படம் போட்டிருக்கே."

"உள்ளதானே போடப்போறேன். அதுங்க பாட்டுக்கு ஓடட்டும்."

எல்லாம் சேர்த்துப் பதினேழு டாலர். தோளில் மாட்டும் கால்சட்டைப் பட்டையை ரோஸ்மேரி இலவசமாகக் கொடுத்தாள். பூட்ஸுக்கு வீட்டிலேயே வழியிருந்தது: கோர்டனின் பழைய பனிபூட்ஸ், அவள் காலுக்கு இரண்டு அளவு பெரிசு. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் எத்தனை காலுறை போட்டாலும் விரல் செத்துப்போகும். உள்ளே விரலை ஆட்ட இடம் இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் பெர்னடீன் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பாட வராது என்பது வேறு விஷயம்.

இப்போது கோர்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்னடீனின் கணவர், மில்வாக்கி நகரத்துக்காரர். முப்பது வருஷமாக இந்தக் காட்டு ஊரில் இருந்தும் மானைப் பார்த்தால் கையசைக்கிற ஜாதி. வீட்டில் துணி துவைப்பது அவர் பொறுப்பு. அதை மிகவும் ஒழுங்காகச் செய்வார். அந்த ஒழுங்குதான் வினையாகப் போயிற்று.

வேட்டைத் துணியை எங்களில் யாரும் வாசனை சோப்பு போட்டுத் துவைப்பதில்லை, மான் மோப்பம் பிடித்துவிடும். வெளியே கொடியில் ஒரு வாரம் காற்றாட விட்டு, பைன் கிளையோடு சேர்த்து மூட்டை கட்டி வைப்போம். இது எங்கள் ஊரில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். அதனால்தான் பெர்னடீன் இதைக் கோர்டனிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கொடி கட்டக் கயிறு தேடிக் கிடைக்காமல், கால்சட்டையைத் துணிக்கூடை மேல் வைத்துவிட்டு பஸ் ஓட்டப் போய்விட்டாள். வியாழக்கிழமை அது. நடுவில் ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

மத்தியானம் அவள் திரும்பியபோது வீடு முழுக்க லாவெண்டர் மணந்தது. கோர்டன் அடுக்களை வாசலில் நின்றார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

"பெர்னி, கோவிச்சுக்காதே. அந்தக் கால்சட்டை ரொம்ப நாப்தலின் நாத்தம் அடிச்சுது..."

"காட்டு."

"நல்லா சுடுதண்ணியில போட்டேன். அப்புறம் டிரையர்ல..."

"கோர்டன், காட்டு."

காட்டினார். பெர்னடீன் தினமும் எழுபது குழந்தைகளை ஏற்றி இறக்குகிறவள். பார்த்த உடனே அளவு சொல்லிவிட்டாள். "ரெண்டாம் கிளாஸ்."

"கொஞ்சம் இழுத்துப் பார்த்தா..."

"ரெண்டாம் கிளாஸ்லயும் ஒல்லியான பிள்ளைக்கு!" அவள் குரல் உடைந்தது. "நீ நல்லதுதான் பண்ணே கோர்டன். நீ பண்ண நல்லதுல என் பரண் போச்சு. பதினாலு வருஷம் கழிச்சு எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டேன். நாளான்னிக்கு எட்டு டிகிரியாம், ரேடியோவுல சொல்றான். தண்ணி உறையறதுக்கு முப்பத்திரண்டு போதும். எட்டுல நான் எதைப் போட்டுக்கிட்டு உட்கார? லாவெண்டரையா?"

வாஷிங் மெஷின் மேலேயே ஏறி உட்கார்ந்து அழுதாள். கோர்டன் பக்கத்தில் நின்றார். அழுதுகொண்டே அவள் அந்தக் குட்டிக் கால்சட்டையைக் கையில் பிசைந்துகொண்டிருந்தாள். பிசையப் பிசைய அழுகை குறைந்தது. துணி இறுகித் தடித்து, கெட்டிக் கம்பளமாக மாறியிருந்தது. வாயருகே வைத்து ஊதிப் பார்த்தாள். மூச்சு அந்தப் பக்கம் போகவில்லை. மறுபடி, கன்னம் உப்ப ஊதினாள். போகவில்லை.

"கத்திரி எடு," என்றாள்.

"எதுக்கு?" கோர்டன் பயந்தே போனார்.

"உன் மேல இல்ல. எடு."

இரண்டு கால்களையும் வெட்டி எடுத்தாள். கணுக்காலிலிருந்து பாதித் தொடை வரை இழுத்து மாட்டினாள். இதற்காகவே தைத்தது போல் கவ்விக்கொண்டது. மிச்சமிருந்த இடுப்புப் பாகத்தை நாலாக மடித்தால், பரண் பலகை மேல் போட்டு உட்காரத் திண்டு. ஆனால் இதற்கு மேலே போட என்ன இருக்கிறது? அவளுடைய பனிக் கால்சட்டை நைலான், நடந்தால் ஊருக்கே கேட்கும்.

கோர்டன் மாடிக்குப் போனார். இறங்கி வரும்போது கையில் அவருடைய பைஜாமா. புசுபுசுவென்ற ஃப்ளீஸ் துணி, நீல நிறம், உடம்பெல்லாம் பெங்குவின். மகள் வாங்கித் தந்தது.

"இது ரொம்ப சூடா இருக்கும், பெர்னி," என்றார் தயங்கித் தயங்கி. "என் நல்ல கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கோ. சிவப்புக் கட்டம் போட்டது."

பெர்னடீன் பெங்குவின்களைக் காதருகே வைத்து நகத்தால் கீறினாள். இன்னொரு தடவை கீறினாள்.

"சத்தமே இல்ல," என்று மெதுவாகச் சொன்னாள். "கோர்டன், சத்தமே இல்ல!" இடுப்புக்குக் கீழே என்ன நிறம் என்று சட்டம் கேட்பதில்லை என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். லாவெண்டர் போகும்வரை கம்பளித் துண்டுகளை வெறும் தண்ணீரில் இரண்டு பேரும் மாறி மாறி அலசினார்கள். பைஜாமாவையும் சட்டையையும் அப்படியே அலசி, எல்லாவற்றையும் வெளியே பனியில் தொங்கவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெங்குவின்கள் காய்ந்து, பைன் வாசனையோடு தயாராகிவிட்டன.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் கேபின் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது, ஃப்ளோரியன் காபியை மூக்கு வழியாகக் குடித்தார்.

"ட்ராவிஸ், பாருடா, வந்து பாரு!" இருமலுக்கு நடுவில் கத்தினார். ரோஸ் தொப்பி, ரோஸ் மேல்சட்டை, கையில் சுருட்டிய பெங்குவின் பைஜாமா. "ஏன் தங்கச்சி, நீ வேட்டைக்கு வந்தியா, தூங்க வந்தியா?"

"எதுக்கு வந்தாலும் என் பரணுக்கு வந்தேன்."

"இன்னும் உன் பரண் ஆகல."

"சாயங்காலம் பேசலாம்," என்றாள் அவள்.

ட்ராவிஸ் நல்ல பையன்தான், முப்பத்தைந்து வயது, கரடிக்கடையின் முழு உடுப்பில் நின்றான். நகர்ந்தால் சர்க், கை தூக்கினால் சர்க். மாமனார் அவனைச் சிற்றோடைப் பக்கத்துப் பரணுக்கு அன்றைக்கு மட்டும் அனுப்பியிருந்தார். "பெர்னி அத்தை, இவ்வளவு மெல்லிசா போட்டுக்கிட்டா நடக்கப் போறீங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டான்.

உள்ளாடை, மெல்லிய சட்டை, அதன் மேல் ரோஸ். அவ்வளவுதான் அவள் போட்டிருந்தது. மிச்சத்தைப் பிளாஸ்டிக் பனிச்சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனாள். அரை மைல். பல் கிட்டியது. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடக்கிறவன் வேர்த்துப்போவான், வேர்த்தவன் எட்டு மணிக்கு உறைந்துபோவான். ஏணியடியில் உடம்புச் சூடு ஆறும் வரை நின்றாள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினாள்: ஓடும் மான்கள், கோர்டனின் சிவப்புச் சட்டை, மேலே இன்னொரு ஸ்வெட்டர், கெட்டிக் கம்பளக் கால்கள், பெங்குவின்கள், எல்லாவற்றுக்கும் மேலே ரோஸ். துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டு, திண்டைப் போட்டு உட்கார்ந்தாள்.

கிழக்கு வெளுத்தது. சிடார் மரங்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்து நின்றன. அவளுக்கு அந்த இடத்தில் ஒரு மரம்கூட மறக்கவில்லை. ஒரு சின்னக் குருவி வந்து அவள் துப்பாக்கிக் குழல் மேல் உட்கார்ந்து, ரோஸ் தொப்பியை இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்தது. பெர்னடீனுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் தூரத்தில் சர்க் சர்க் என்று கேட்டது. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ட்ராவிஸ் கண்ணில் பட்டான். அவ்வளவு தூரத்துக்கு முன்னாலேயே அவன் கால்சட்டை வந்துவிட்டது. மூக்கு நீலம் பாரித்திருந்தது.

"அத்தை," என்று கீழேயிருந்து கிசுகிசுத்தான். "நான் மூணாவது தடவையா கேபினுக்குப் போறேன். மாமா அவர் பரண்ல இருக்கார். அடுப்பு எரியுது, பீன்ஸ் போட்ட சூப் கொதிக்குது. பத்து நிமிஷம் வாங்க. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ நல்லா இருப்பே ட்ராவிஸ். போ, போய்க் குடி."

"குளிரலியா உங்களுக்கு?"

"பெங்குவின் எல்லாம் இப்பதான் தூங்குது. எழுப்ப மனசு வரல."

அவன் ஏக்கத்தோடு அந்தப் பைஜாமாவைப் பார்த்துவிட்டுப் போனான்.

இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. அப்போது அவள் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அடங்கியது. கால் விரல் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. தின்னக் கொண்டுவந்த சாசேஜ் இறைச்சி கல்லாகி இருந்தது, பிளாஸ்கில் காபி தீர்ந்துவிட்டது. கேபின் புகைபோக்கியிலிருந்து வந்த விறகுப் புகை மூக்கில் ஏறியதும், அந்த சூப்பின் ருசி நாக்கிலேயே வந்து உட்கார்ந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே நினைத்தாள். பெரிய பூட்ஸுக்குள் விரல்களைச் சுருட்டினாள், விரித்தாள், சுருட்டினாள். "நானா எழுந்து போறது? அதையும் பார்த்துடலாம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மெதுவாக ஒரு விரல் திரும்பி வந்தது. பிறகு அடுத்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சதுப்பிலிருந்து அது வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. தலையைத் தாழ்த்தி மோந்துகொண்டே, நாற்பது கஜத்தில் பக்கவாட்டில் நின்றது. அவள் கையுறையைப் பல்லால் கழற்றினாள், துப்பாக்கியைத் தூக்கினாள். அத்தனை துணிகளில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. அதுவரை எல்லாம் சரி. பிறகு அவள் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. முழங்கால் ஆடியது, பரண் ஆடியது, துப்பாக்கி முனை வானத்தில் வட்டம் போட்டது. இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஜுரம். கொம்பைப் பார்த்தால் வரும். அவள் சுட்டாள். மான் அவளை நிமிர்ந்து பார்த்தது, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். பனியில் குளம்புத் தடம் இருந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை, ஒரு முடி இல்லை. பின்னாலிருந்த பிர்ச் மரத்தில் மட்டும் புதிதாக ஒரு ஓட்டை. பிறகு மறுபடி ஏறி, இருட்டும்வரை உட்கார்ந்தாள்.

வாகோவியாக் கேபினில், வேறு பல கேபின்களைப் போலவே, ஒரு வழக்கம் உண்டு. மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலை வெட்டி, பேரும் வருஷமும் எழுதி உத்திரத்தில் ஆணியடித்துவிடுவார்கள். வெட்டும்போது மற்றவர்கள் பண்ணும் கேலி பத்து வருஷம் போகும். ஆனால் இதெல்லாம் கேபின் ஆட்களுக்கு மட்டும்தான். விருந்தாளி சட்டையை யாரும் தொடுவதில்லை. பாவம் என்று அடுப்போரம் உட்காரவைத்து, ஒரு கிளாஸ் பிராந்தி ஊற்றிக் கொடுத்து, "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று முதுகில் தட்டுவார்கள்.

அவள் உள்ளே வந்தபோது இருவரும் மேஜையருகே நின்றிருந்தார்கள்.

"ஒரு வெடிச் சத்தம் கேட்டுது," என்றார் ஃப்ளோரியன். "எங்க மான்?"

"போயிடுச்சு. பிர்ச் மரத்தைச் சுட்டேன்."

ஃப்ளோரியன் சிரிக்கவில்லை. அடுப்போரத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு கிளாஸை எடுத்து, அதில் பிராந்தி ஊற்றி அவள் கையில் கொடுத்தார்.

பெர்னடீனுக்கு நாள் முழுக்க இல்லாத குளிர் அப்போதுதான் உள்ளே இறங்கியது. கிளாஸைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் கேபின் பக்கம் வரல."

"யார் பார்த்தா? நான் என் பரண்ல இருந்தேன்."

"நான் பார்த்தேன் மாமா," என்றான் ட்ராவிஸ். காது வரை சிவந்திருந்தான். "மத்தியானம் போய்க் கூப்பிட்டேன். சூப் இருக்கு, யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். அத்தை வரல. இங்கேர்ந்து அங்க வரைக்கும் பனியில அவங்க கால்தடம் ஒரே வரிசைதான், காலைல போனது. இருட்டறப்ப, அத்தை இறங்கறதுக்கு முன்னாடி, நான் டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"நீ எதுக்கு மத்தியானம் அந்தப் பக்கம் போனே?"

"குளிர் காய வந்தேன், மாமா. மூணாவது தடவை."

ஃப்ளோரியன் மருமகனைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த கிளாஸைத் திரும்ப வாங்கி மேஜை மேல் வைத்தார். சுவரில் தொங்கிய பெரிய கத்திரியை எடுத்தார்.

"எழுந்திரு," என்றார். "அந்த ரோஸைக் கழட்டு. திரும்பி நில்லு."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ரோஸைக் கழற்றி எறிந்து, முதுகைக் காட்டி நின்றாள். ஃப்ளோரியன் ஸ்வெட்டரைத் தூக்கி, பைஜாமா நாடாவைத் தள்ளி, முணுமுணுத்துக்கொண்டே தேடினார். கடைசியில் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை வால் கையில் அகப்பட்டது. விரலால் தடவிப் பார்த்தார். கத்திரி நின்றது.

"இது யாரோட சட்டை?"

"கோர்டனோடது."

"பெர்னி, இது ரொம்ப நல்ல சட்டைடி. கெட்டிக் கம்பளி. வெட்டினா திரும்ப வராது. வேணும்னா உள்ள போட்டிருக்கியே, அந்த மெல்லிசு..."

"வெட்டுண்ணே!" பெர்னடீன் கத்தினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் நிறையச் சிரிப்பு. "பெரிசா வெட்டு!"